நாலில் ஒரு பாகம்: கிணற்றுப் பங்கும் தரவுத்தள இணைப்பும்

சேலம், நாமக்கல் சமவெளியில் எழுதப்படும் தோட்ட நிலக் கிரயப் பத்திரங்களின் சொத்து விவரத்தில், புல எண்ணும் நான்கு எல்லைகளும் பரப்பும் சொல்லி முடிந்தபின், பெரும்பாலும் கிணற்றைப் பற்றிய ஒரு வாசகம் வரும். கிணற்றில் பொதுவில் நாலில் ஒரு பாகம், மின் மோட்டாரிலும் மின் இணைப்பிலும் அதே பாகம், இத்தனை நாளைக்கு ஒரு முறை தண்ணீர், போய்வர மாமூல் வண்டித்தடப் பாத்தியம் என்று அது நீளும். நைஸ், சார்னோக்கைட் போன்ற கடினப் பாறை அடியில் கிடக்கும் இந்தப் பூமியில் கிணறு வெட்டுவது ஒரு குடும்பத்தின் கைக்கு மீறிய செலவாக இருந்ததாலும், வெட்டிய கிணற்றை அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது நிலத்தைப்போல வரப்புப் போட்டு அறுக்க முடியாது என்பதாலும், ஒரு கிணற்றுக்குப் பல பங்குதாரர்களும் ஒரே விவசாயிக்குப் பல கிணறுகளில் பங்கும் அமைவது இங்கே சாதாரணமாயிற்று.

இந்த ‘நாலில் ஒன்று’ எதனுடைய தன்மை என்று கேட்டால், பார்வைக்கு எளிய அந்தக் கேள்வி சற்றுத் தடுமாறச் செய்யும். அது விவசாயியின் தன்மையாக இருக்க முடியாது, ஏனெனில் அவருக்கே வேறொரு கிணற்றில் மூன்றில் ஒரு பாகம் இருக்கலாம். கிணற்றின் தன்மையாகவும் இருக்க முடியாது, ஏனெனில் அதே கிணற்றில் இன்னொருவருக்குப் பாதி இருக்கலாம். குறிப்பிட்ட ஒரு விவசாயிக்கும் குறிப்பிட்ட ஒரு கிணற்றுக்கும் நடுவே உள்ள உறவின் தன்மை அது. வலைச்செயலிகளை எழுதும் நிரலர்கள் ‘மெனி டு மெனி’ என்று குறிப்பிடும் பலவற்றுக்குப் பல உறவு இதுவேயாகும். அதைத் தரவுத்தளத்தில் சேமிக்கவும் திரும்ப எடுக்கவும் அவர்கள் கையாளும் இணைப்பு அட்டவணை என்ற உத்தி, உறவைத் தனியொரு பொருளாக மதித்து அதற்கென ஓர் இடத்தில் ஒரே ஒருமுறை எழுதிவைப்பதைத் தவிர வேறில்லை.

தரவுத்தளம் என்பது, இன்று பெருவழக்காக உள்ள வகையில், அட்டவணைகளின் தொகுப்பு. ஒவ்வோர் அட்டவணையும் ஒரே இனத்துப் பொருள்களைப் பற்றியது. குறுக்கே செல்லும் ஒவ்வொரு வரிசையும் ஒரு பொருளையும், கிராமக் கணக்குகளில் கலம் என்று எண்ணிடப்படுவதைப்போல நெடுக்கே செல்லும் ஒவ்வொரு கலமும் அப்பொருளின் ஒரு தன்மையையும் குறிக்கும். ஒரு வரிசையை மற்றொன்றிலிருந்து ஐயமறப் பிரித்துக் காட்டும் கலம் முதன்மைச் சாவி எனப்படுகிறது. நிரலர்களின் பேச்சில் ‘பிரைமரி கீ’. பெயரையே சாவியாக வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் இப்பகுதிக் கிராமம் ஒன்றின் சிட்டாவைப் புரட்டியதும் கலைந்துவிடும். குலதெய்வத்தின் பெயரையும் பாட்டனின் பெயரையும் தலைமுறைதோறும் இட்டுவரும் ஊர்களில் பழனிசாமி மகன் பெரியசாமி என்று ஒன்றுக்கு மேற்பட்டோர் இருப்பார்கள். ஒரே ஆள் ஒரு பதிவில் ராமசாமி, இன்னொன்றில் இராமசாமி, மூன்றாவதில் தலைப்பெழுத்து மாறிய ராமசாமி என்றும் நிற்பார். ஆகவே பொருள் ஏதுமற்ற ஒரு வரிசை எண்ணை இயந்திரமே ஒவ்வொருவருக்கும் அளித்துவிடுவதும், பெயரைத் திருத்தத்தக்க வெறும் தகவலாக வைத்துக்கொள்வதும் வழக்கம். ஓர் அட்டவணையின் சாவி மற்றோர் அட்டவணையின் கலத்தில் வந்து அமரும்போது அது அயல் சாவி, அதாவது ‘ஃபாரின் கீ’, என்று பெயர் பெறுகிறது.

ஒன்றுக்குப் பல என்ற எளிய உறவுக்கு அயல் சாவி மட்டுமே போதும். ஒரு வட்டம் ஒரு மாவட்டத்துக்குள்தான் இருக்கும், ஒரு மாவட்டத்தில் பல வட்டங்கள் இருக்கும் என்பதால், வட்ட அட்டவணையில் மாவட்ட எண்ணுக்கு ஒரு கலம் வைத்தால் உறவு முடிந்துவிடுகிறது. சேலத்திலிருந்து பிரிந்து 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாக இயங்கத் தொடங்கியபோது நாமக்கல், திருச்செங்கோடு, இராசிபுரம், பரமத்திவேலூர் ஆகிய வட்டங்கள் அதன்வசம் வந்தன. அன்று இத்தகைய தரவுத்தளம் ஒன்று இருந்திருந்தால் மாவட்ட அட்டவணையில் ஒரு வரிசையைச் சேர்ப்பதும் நான்கு வரிசைகளில் ஓர் எண்ணை மாற்றுவதுமே செய்ய வேண்டிய வேலை. அந்த வட்டங்களுக்குள் அடங்கிய கிராமங்களையோ புலங்களையோ தொட வேண்டியதில்லை.

கிணற்றுப் பங்குக்கு இது பொருந்தாது. கிணற்று அட்டவணையில் ‘விவசாயி எண்’ என்று ஒரு கலம் வைத்தால் ஒருவருக்குத்தான் இடம். ‘பங்குதாரர் 1’, ‘பங்குதாரர் 2’, ‘பங்குதாரர் 3’ என்று கலங்களை அடுக்கினால் நான்காவது வாரிசு வந்து நிற்கும் நாளில் அட்டவணையின் அமைப்பையே இடித்துக் கட்ட வேண்டியிருக்கும். அதோடு ஒருவருடைய பங்குகளைத் தேடவும் மூன்று கலங்களிலும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒரே கலத்தில் ‘1, 2, 3’ என்று காற்புள்ளியிட்டு எழுதுவது புதிய நிரலர்கள் அனைவருக்கும் ஒருமுறையாவது தோன்றும் குறுக்குவழி. எண் 1 என்று தேடினால் 11, 21 ஆகியவையும் அகப்படும் என்ற சங்கடம் இருக்கட்டும். அந்த எண்ணுள்ள விவசாயி உண்மையில் இருக்கிறாரா என்று சரிபார்க்கும் பொறுப்பைத் தரவுத்தளத்திடமிருந்து பறித்துவிடுவதே அதன் பெரிய குற்றம்.

மூன்றாவதாக ஓர் அட்டவணையை நடுவே இடுவதுதான் வழி. மாதிரிக்கு, விவசாயி அட்டவணையில் 1 முதல் 4 வரை நான்கு பேரும், கிணறு அட்டவணையில் 1, 2 என இரண்டு கிணறுகளும் இருப்பதாகக் கொள்ளலாம். ‘பங்கு’ என்று பெயரிட்ட நடு அட்டவணையில் ஐந்து வரிசைகள்: விவசாயி 1, கிணறு 1, கால் பாகம்; விவசாயி 2, கிணறு 1, கால் பாகம்; விவசாயி 3, கிணறு 1, அரைப் பாகம்; விவசாயி 1, கிணறு 2, மூன்றில் ஒன்று; விவசாயி 4, கிணறு 2, மூன்றில் இரண்டு. ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு அயல் சாவிகள், ஒரு பங்களவு. பாகப்பிரிவினையில் புதியவர் வந்தால் ஒரு வரிசை கூடும், அமைப்பு மாறாது. ஒவ்வொரு கிணற்றுக்கும் பங்குகளைக் கூட்டினால் முழு ஒன்று வருகிறதா என்று பார்த்து எழுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கவும் முடியும். இந்த நடு அட்டவணையை ‘ஜங்ஷன் டேபிள்’ என்பாரும் உண்டு. சேலம் ஜங்ஷனில் பல ஊர்ப் பாதைகள் கூடுவதை நினைத்தால் அந்தப் பெயரை விளக்கவே தேவையில்லை.

இணைப்பு அட்டவணையின் சாரம் இதே சமவெளியின் காகிதப் பதிவேடுகளில் கணினிக்கு வெகுகாலம் முன்பே இருந்துவந்தது. 1792ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பாராமகால், சேலம் பகுதிகளை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடும், அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோ, மக்லியாட், கிரஹாம் ஆகியோரும் அமர்த்தப்பட்டனர். அவர்கள் நிலத்தைப் புலம் புலமாக அளந்து ஒவ்வொரு குடியானவரோடும் நேரடியாகத் தீர்வை பேசிய முறையிலிருந்தே ரயத்துவாரி முறை உருவாயிற்று. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்து நிலங்கள் மிட்டா எனப்பட்ட ஜமீன் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு ஏலம் போனதும், 1820 முதல் 1827 வரை மன்றோ சென்னை மாகாண ஆளுநராக இருந்து ரயத்துவாரியை வலுவாக நிலைநாட்டியதும் தனி வரலாறு. இங்கே கவனிக்க வேண்டியது, எந்தப் புலம், எந்தக் குடியானவர், என்ன தீர்வை என்ற மூன்றையும் இணைக்கும் கணக்கு இல்லாமல் ரயத்துவாரி ஒரு நாளும் நடக்காது என்பதுதான்.

அந்தக் கணக்குகள் பின்னாளில் கிராமக் கணக்குகளாக உறைந்தபோது, ஒரே உறவு இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாக அடுக்கப்பட்டது. ‘அ’ பதிவேடு புல எண் வரிசைப்படி செல்லும். 112ஆம் புலத்தின் 2ஆம் உட்பிரிவு யாருடைய பட்டாவில் இருக்கிறது என்று அதில் பார்க்கலாம். சிட்டா பட்டா எண் வரிசைப்படி செல்லும். ஒரு பட்டாதாரருக்கு எந்தெந்தப் புலங்கள் உள்ளன, நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, தீர்வை எவ்வளவு என்பதை அதில் பார்க்கலாம். பதிவான செய்தி ஒன்றே, தேடும் திசைதான் வேறு. காகிதத்தில் இரு திசையிலும் விரைந்து தேட வேண்டுமானால் இரண்டு முறை எழுதுவதைத் தவிர வழியில்லை. ஒரு பட்டா மாறுதலை ஒன்றில் எழுதி மற்றொன்றில் விட்டுவிட்டால் இரண்டும் முரண்படும். எது சரி என்று அந்தப் புத்தகங்களைக் கொண்டே சொல்லவும் முடியாது. பயிர்க் கணக்கான அடங்கல், ஜூலை 1 அன்று தொடங்கும் பசலி ஆண்டையும் சேர்த்துக்கொண்டு, புலம், பயிர், பசலி என்று முக்கூட்டு உறவாகவே எழுதப்படுகிறது. குச்சிக்கிழங்கு போட்ட புலத்தில் மறு பசலியில் நிலக்கடலை இருந்தால் அது புதிய வரிசை.

1979 முதல் 1987 வரை தமிழகத்தில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், மக்கள் வாயில் யூடிஆர் என்றே வழங்கும் அந்தப் பெரும் சரிபார்ப்பில், பட்டாக்கள் புதுப்பிக்கப்பட்டன. பின்னர் அப்பதிவுகள் ‘தமிழ்நிலம்’ என்னும் கணினித் தொகுப்புக்குள் வந்தன. இன்று ‘எங்கிருந்தும் எந்நேரத்திலும்’ சேவைத் தளத்தில் பட்டா எண்ணைக் கொடுத்தும் தேடலாம், புல எண்ணைக் கொடுத்தும் தேடலாம். சிட்டாவும் ‘அ’ பதிவேடும் திரையில் தனித்தனி ஆவணங்களாகவே தெரிந்தாலும், முறையாக வடிவமைத்த ஒரு தரவுத்தளத்தில் அவை ஒரே இணைப்பு அட்டவணையின் இரண்டு தோற்றங்களாக இருந்தால் போதும். இரு திசைத் தேடலின் வேகத்துக்கு இரண்டு பிரதிகள் வேண்டியதில்லை, இண்டெக்ஸ் எனப்படும் இரண்டு தேடுபட்டியல்கள் போதும். மாறுதல் ஓரிடத்தில் பதிவாகும். தேடுபட்டியல்களைத் தரவுத்தளம் தானே திருத்திக்கொள்ளும்.

இந்தச் சிந்தனைக்குக் கணிதத்தின் உறுதியைத் தந்தவர் எட்கர் காட். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து 1970இல் அவர் வெளியிட்ட கட்டுரைக்கு முன்பு, பெரிய தரவுத்தொகுப்புகள் பல மரம்போலக் கிளைவிடும் அமைப்பில் சேமிக்கப்பட்டன. அப்போலோ விண்கலத்தின் உதிரிப் பாகங்களைக் கணக்கிடுவதற்காக அதே நிறுவனம் உருவாக்கிய ஐ.எம்.எஸ். அத்தகையது. மரத்தில் ஒரு கிளைக்கு ஒரு தாய்தான். ஆனால் ஒரே திருகாணி பல கருவிகளில் பொருந்தும், ஒரு கருவியில் பல திருகாணிகள் இருக்கும். காட் தம் கட்டுரையில் அட்டவணை வடிவில் காட்டிய முதல் எடுத்துக்காட்டே வழங்குநர், பாகம், திட்டம், எண்ணிக்கை என்ற நான்கு கலங்கள் கொண்ட ஓர் அட்டவணை. மூன்று பொருள்களைக் கட்டும் இணைப்பு அட்டவணை என்று அதை இன்று தயங்காமல் அழைக்கலாம். 1974இல் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் இந்த அட்டவணைகளை வினவுவதற்கு ஒரு மொழியை முன்வைத்தார்கள், அதுவே இன்றைய எஸ்.க்யூ.எல். 1976இல் பீட்டர் சென், பொருள்களுக்குத் தன்மைகள் இருப்பதைப்போல உறவுகளுக்கும் தமக்கே உரிய தன்மைகள் இருக்கலாம் என்று வரைபட முறையில் தெளிவாக்கினார். கிணற்றுப் பங்கை எழுதும் பத்திர எழுத்தருக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

பிரித்து வைத்தவற்றைத் தேவைப்படும்போது ஒட்டிப் பார்ப்பதே ‘ஜாயின்’. முதலாம் விவசாயிக்கு எந்தெந்தக் கிணறுகளில் என்ன பங்கு என்ற வினவலைத் தமிழ் எழுத்தில் இப்படி எழுதிக் காட்டலாம்:

செலக்ட் கிணறு.புல_எண், பங்கு.தொகுதி, பங்கு.பகுதி
ஃப்ரம் விவசாயி
ஜாயின் பங்கு ஆன் பங்கு.விவசாயி_எண் = விவசாயி.எண்
ஜாயின் கிணறு ஆன் கிணறு.எண் = பங்கு.கிணறு_எண்
வேர் விவசாயி.எண் = 1

அட்டவணைகளுக்கும் கலங்களுக்கும் தமிழிலேயே பெயர் வைப்பதைப் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் அனுமதிக்கின்றன. செலக்ட், ஜாயின் முதலான ஏவல் சொற்கள் மட்டும் ஆங்கில எழுத்திலேயே இருந்தாக வேண்டும். மேற்கண்ட வினவலில் இணைப்பு இரண்டு படிகளாக நடக்கிறது. விவசாயி எண் 1 உள்ள வரிசைகளைப் பங்கு அட்டவணையில் தேடும்போது இரண்டு அகப்படுகின்றன. அவற்றிலுள்ள கிணற்று எண்களைக் கொண்டு கிணறு அட்டவணைக்குச் சென்று புல எண்களை எடுத்துவந்தால் கால் பாகமும் மூன்றில் ஒன்றும் அவற்றின் புல எண்களோடு வந்து சேரும். பங்கு அட்டவணையில் விவசாயி எண்ணுக்கு ஒரு தேடுபட்டியலும் கிணற்று எண்ணுக்கு ஒரு தேடுபட்டியலும் இருந்தால், இலட்சம் வரிசைகளுக்கு நடுவிலும் இந்தத் தேடல் சில தாவல்களில் முடியும். இல்லாவிட்டால் இயந்திரம் முதல் வரிசையிலிருந்து கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

பங்களவைத் தொகுதி, பகுதி என இரு முழு எண்களாகப் பிரித்து வைத்ததற்குக் காரணம் உண்டு. காலும் அரைக்காலும் மாகாணியும் இரண்டின் அடுக்குகளால் வகுபடுவன ஆதலால் கணினியின் இரும எண்முறையில் பிசிறில்லாமல் அடங்கும். இருபதில் ஒன்றாகிய மாவும் எண்பதில் ஒன்றாகிய காணியும் இரும முறையில் அடங்காவிட்டாலும் தசமத்தில் அடங்கும். மூன்றில் ஒன்று இரண்டிலும் அடங்காது. மூன்று சகோதரர்களுக்கு 0.33 என்று எழுதிவைத்தால் கிணற்றில் நூற்றில் ஒரு பங்கு யாருக்கும் இல்லாமல் போய்விடும்.

இணைப்பில் பங்களவைக் குறிக்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்குக் கூட்டுப் பட்டாவே சான்று. அதில் உரிமையாளர்களின் பெயர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக இருக்கும். புல எண்களும் மொத்தப் பரப்பும் இருக்கும். யாருக்கு எவ்வளவு என்பது பொதுவாக இருக்காது. இரண்டு அயல் சாவிகள் மட்டும் கொண்ட வெறும் இணைப்பு அது. பங்களவைத் தெரிந்துகொள்ள வருவாய்த் துறையின் ஆவணத்தை விட்டுப் பதிவுத் துறையின் கிரயப் பத்திரத்துக்கும் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கும் போக வேண்டும். இரண்டு துறைகளின் ஆவணங்களையும் பொருத்திப் பார்க்க உதவும் பொதுச் சாவி புல எண்ணும் உட்பிரிவும்தான். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்கிவிட்டால் பலவற்றுக்குப் பல என்ற உறவு ஒன்றுக்குப் பலவாகச் சுருங்கிவிடுகிறது. நில அளவையர் வந்து கல் நட்டுக் கொடுப்பதன் கணித அர்த்தம் இதுவென்றும் சொல்லலாம்.

வலைச்செயலிகளை எழுதுவோர் இந்த வினவல்களைப் பெரும்பாலும் கையால் எழுதுவதில்லை. பி.எச்.பி. மொழியின் லாராவெல், பைத்தான் மொழியின் ஜாங்கோ, ரூபி மொழியின் ரெயில்ஸ் போன்ற சட்டகங்களில், விவசாயிக்குப் பல கிணறுகள், கிணற்றுக்குப் பல விவசாயிகள் என்று அறிவித்துவிட்டால் வேண்டிய ஜாயின் வினவல்களைச் சட்டகமே எழுதிக்கொள்கிறது. ஜாங்கோவோ நடு அட்டவணையையும் தானே உருவாக்கிவிடுகிறது. வசதிதான், ஆனால் அப்படித் தானாக உருவாகும் அட்டவணையில் அதன் வரிசை எண்ணுக்கும் இரு அயல் சாவிகளுக்கும் அப்பால் ஏதும் இருப்பதில்லை, அதாவது கூட்டுப் பட்டாவின் குறை அப்படியே அங்கு வந்துவிடுகிறது. பிறகொரு நாள் பங்களவும் முறை நாளும் வேண்டும் என்று தெரியவரும்போது, லாராவெலில் ‘பிவட்’ எனப்படும் நடு அட்டவணையின் கூடுதல் கலங்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். ஜாங்கோவிலோ ‘த்ரூ’ என்ற குறிப்புடன் நடு அட்டவணைக்கெனத் தனி வகுப்பு எழுதி, ஏற்கெனவே சேர்ந்த தரவை அதற்குள் மாற்ற வேண்டும். தொடக்கத்திலேயே அந்த உறவுக்கு ‘விவசாயி_கிணறு’ என்று இரு பெயர்களை ஒட்டவைக்காமல், ஊரார் அதை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே ‘பங்கு’ என்று பெயரிட்டுவிடுவது பல தொல்லைகளைத் தவிர்க்கும். மக்கள் பேச்சில் ஓர் உறவுக்குத் தனிப் பெயர்ச்சொல் இருந்தால் அதற்குத் தனித் தன்மைகளும் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம்.

நாமக்கல்லின் லாரித் தொழில் இதற்கு நல்ல உதாரணம். ஒரு லாரியைப் பல ஓட்டுநர்கள் ஓட்டுகிறார்கள், ஓர் ஓட்டுநர் பல லாரிகளை ஓட்டுகிறார், ஏற்றும் சரக்கு ஒவ்வொரு முறையும் மாறுகிறது. மூன்றையும் கட்டும் உறவுக்கு ‘நடை’ என்ற சொல் அங்கே தயாராக இருக்கிறது. டீசல் செலவு, ஓட்டுநர் பேட்டா, வாடகை எல்லாம் நடைக்கு உரியவை. சேலத்தில் 1981இல் உருவான ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் நடக்கும் விற்பனையும் இதே வார்ப்புதான். உறுப்பினரான ஆலைக்காரர் கொண்டுவரும் ஒவ்வொரு லாட்டுக்கும் வியாபாரிகள் பலர் விலை கோருவார்கள், ஒவ்வொரு வியாபாரியும் பல லாட்டுகளுக்குக் கோருவார். கோரிய விலை லாட்டையும் சேராது வியாபாரியையும் சேராது, அந்த டெண்டரையே சேரும். ஒரு லாட்டுக்கு ஒரு வியாபாரி ஒருமுறைதான் விலை எழுதலாம் என்பது ஒரு சந்தையின் விதியானால், லாட்டு எண்ணும் வியாபாரி எண்ணும் சேர்ந்த இரட்டை மீண்டும் வரக்கூடாது என்று இணைப்பு அட்டவணையில் ஒரு கட்டுப்பாட்டை விதித்துவிடலாம். செயலியின் நிரலில் ஓட்டை இருந்தாலும் இரண்டாவது கோரல் உள்ளே நுழையாது.

சட்டகங்கள் மறைத்துவைக்கும் வேலையில் ஒரு விலையும் மறைந்திருக்கிறது. ஒரு கிராமத்தின் 400 விவசாயிகளையும் அவரவர் கிணற்றுப் பங்கையும் ஒரு பக்கத்தில் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், கவனமில்லாமல் எழுதிய நிரல் முதலில் பெயர்ப் பட்டியலுக்கு ஒரு வினவலும், பிறகு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே ஒரு வினவலுமாக 401 முறை தரவுத்தளத்தின் கதவைத் தட்டும். கிராம நிர்வாக அலுவலர் 400 பெயர்களுக்குத் தலையாரியை 400 தடவை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு இது ஒப்பாகும். ஒவ்வொரு விவரத்தைப் பார்க்கவும் ஒரு நிமிடமே ஆனாலும் போய்வரும் நேரமே நாளைத் தின்றுவிடும். பெயர்ப் பட்டியலை மொத்தமாகக் கையில் கொடுத்தனுப்பி, இந்த எண்களுக்குரிய பங்குகள் அனைத்தையும் ஒரே வினவலில் கொண்டுவா என்று கேட்கும் வசதி மேற்கண்ட மூன்று சட்டகங்களிலும் உண்டு. பத்து வரிசைகளை வைத்துச் சோதிக்கும்போது தெரியாத இந்தத் தாமதம், உண்மையான கிராமத்தின் தரவு ஏறியதும் தெரியும்.

தாமதத்தைக் காட்டிலும் மோசமானவை, பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தரும் இணைப்புகள். சாதாரண ஜாயின், இருபுறமும் பொருத்தம் உள்ள வரிசைகளை மட்டுமே தரும். விவசாயிகளையும் பங்குகளையும் அப்படி இணைத்து ஒரு கிராமத்தின் விவசாயிகள் பட்டியலை எடுத்தால், கிணற்றுப் பங்கே இல்லாமல் மேட்டாங்காட்டில் மானாவாரிச் சோளம் விதைப்பவர்கள் பட்டியலிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துவிடுவார்கள். வறட்சி நிவாரணத்துக்கான பட்டியல் அது என்றால், முதலில் இருக்க வேண்டியவர்களே விடுபடுகிறார்கள். இடப்புற அட்டவணையின் எல்லா வரிசைகளையும் வைத்துக்கொண்டு, பொருத்தமில்லாத இடத்தில் வெற்றிடம் விடும் ‘லெஃப்ட் ஜாயின்’ என்பதை இங்கே கையாள வேண்டும்.

இதற்கு நேரெதிராக, வரிசைகளைப் பெருக்கிவிடும் பிழையும் உண்டு. முதலாம் விவசாயிக்கு 0.40, 0.40, 0.20 ஹெக்டேர் அளவில் மூன்று புலங்கள் உள்ளன, மொத்தம் 1.00 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அவருடைய புலங்களையும் கிணற்றுப் பங்குகளையும் ஒரே வினவலில் இணைத்தால், மூன்று புலங்கள் ஒவ்வொன்றும் இரண்டு பங்குகளோடும் சேர்ந்து ஆறு வரிசைகளாகும். பரப்பைக் கூட்டினால் 2.00 ஹெக்டேர் என்று வரும். மானியத்துக்கான உச்சவரம்பு இடையில் எங்காவது இருந்தால் சிறு விவசாயி திரையில் பெரு விவசாயியாகிவிடுவார். இதைக் கண்ட நிரலர், ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் எண்ணு என்று பொருள்படும் ‘டிஸ்டிங்க்ட்’ என்ற சொல்லைச் சேர்த்துக் கூட்டச் சொல்வார். அப்போது ஒரே அளவுள்ள இரண்டு 0.40களும் ஒன்றாகி 0.60 ஹெக்டேர் கிடைக்கும். முதல் விடை இருமடங்கு, இரண்டாவது விடை பாதியைச் சற்றே தாண்டியது; இரண்டும் அச்சில் ஒழுங்காகவே தோன்றும். பரப்பை விவசாயிவாரியாகத் தனியே கூட்டி ஒருவருக்கு ஒரே வரிசையாகச் சுருக்கிக்கொண்டு, அதன் பின்னரே பங்குகளோடு இணைப்பதுதான் சரியான முறை. இரண்டு இணைப்பு அட்டவணைகளை ஒரே மூச்சில் தொடும் வினவல் எதையும் சந்தேகத்தோடு படிப்பது அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

உறவுகள் முடிவதும் உண்டு என்பதை வடிவமைப்பாளர்கள் பெரும்பாலும் பிந்தியே நினைக்கிறார்கள். பங்கை விற்றவரின் வரிசையை அழித்துவிட்டு வாங்கியவரின் பெயரில் புதிய வரிசையை எழுதினால் இன்றைய நிலை சரியாக இருக்கும், ஆனால் நேற்று அந்தப் பங்கு யாரிடம் இருந்தது என்பது போய்விடும். வில்லங்கச் சான்று, கேட்ட ஆண்டுகளுக்குள் ஒரு சொத்தின்மீது பதிவான கிரயம், அடமானம், விடுதலை எல்லாவற்றையும் தேதியோடு அடுக்கித் தருவதைப்போல, பங்கு அட்டவணையிலும் தொடங்கிய நாள், முடிந்த நாள் என்று இரண்டு கலங்கள் இருந்தால் பழைய வரிசைகளை அழிக்க வேண்டிய தேவை எழாது. முடிந்த நாள் வெற்றாக உள்ள வரிசைகளே இன்றைய பங்குகள்.

இந்தச் சமவெளியில் அப்படி முடிவுநாள் எழுதப்படாமலே கிடக்கும் உறவுகள் ஏராளம். திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு இந்தியாவின் பல மாநிலங்களில் துளையிடும் ரிக் வண்டிகள் உள்ளூர்த் தோட்டங்களிலும் நூற்றுக்கணக்கான அடிகள் இறங்கிவிட்டன. அவரவர் தோட்டத்தில் அவரவர் போர் என்று ஆனபின், ஒரு போருக்கு ஓர் உரிமையாளர் என்ற எளிய உறவே போதுமானதாகி, அங்கே இணைப்பு அட்டவணைக்கு வேலை குறைந்தது. பழைய சதுரக் கிணறுகள் பல வற்றிப்போய், படிக்கட்டில் வேம்பும் அடியில் சீமைக் கருவேலமும் முளைத்துக் கிடக்கின்றன. ஆனாலும் நிலம் கைமாறும் ஒவ்வொரு முறையும் பத்திரத்தில் அந்தக் கிணற்றின் நாலில் ஒரு பாகம் தவறாமல் எழுதப்படுகிறது. தரவுத்தளத்திலும் அப்படியே: வற்றிய கிணறுதானே என்று அதன் வரிசையை யாரேனும் அழிக்க முயன்றால், அதன் எண்ணை அயல் சாவியாகத் தாங்கிய பங்கு வரிசை ஒன்றேனும் எஞ்சியிருக்கும்வரை, தரவுத்தளம் அந்த ஆணையை ஏற்க மறுத்துவிடும்.